ஹோல்டில் காத்திருப்பவருக்கு 20 நொடியில் என்ன சொல்லலாம்? கால்நடை மருத்துவமனைகளுக்கான செய்முறை

கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டு ஹோல்டில் காத்திருப்பவரின் காது முழுக்க நம்மிடம் இருக்கிறது. அந்த நேரத்தை வெறும் இசைக்குக் கொடுத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. பருவத்துக்கேற்ற ஒரு எச்சரிக்கையை அங்கே வைத்தால் ஓர் உயிர் பிழைக்கக்கூடும்.

முதலில் அவசர வழி

அறிவுரை எதுவானாலும் அதற்கு முன்னால் இது வரட்டும்: “மூச்சுத் திணறல், வலிப்பு, விஷம் தின்றது, ஆண் பூனைக்குச் சிறுநீர் வராதது: உடனே 1-ஐ அழுத்துங்கள்.” கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டிலேயே காத்திருப்பவர்கள் உண்டு. சிறுநீர்க்குழாய் அடைப்பு ஓரிரு நாளில் பூனையைக் கொன்றுவிடும். 1-ஐ அழுத்தினால் நிஜமாகவே ஒரு ஆள் எடுக்க வேண்டும்.

ஒரு செய்தி, ஒரே விஷயம்

“கோடையில் செல்லப்பிராணிகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றால் யார் மனதிலும் நிற்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“மூடிய காருக்குள் நாயை விடுவது ஆபத்து. வெளியே 21 டிகிரிதான் என்றாலும் உள்ளே அரை மணி நேரத்தில் 40 டிகிரி ஆகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.”

21 டிகிரியை யாரும் வெயில் என்று நினைப்பதில்லை. அதனால்தான் அந்த எண் உறைக்கிறது. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம்.

எந்த நொடியிலும் ரிசப்ஷனில் போனை எடுத்துவிடுவார்கள், செய்தி பாதியில் அறுந்துவிடும். தமிழில் “கூடாது” போன்ற எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. “பூனைக்குப் பாராசிட்டமால் கொடுக்க” என்பதோடு நின்றுபோனால் என்ன ஆகும்? “பாராசிட்டமால் பூனைக்கு விஷம்” என்று எழுதுங்கள். மூன்றே சொல், தப்பாகக் கேட்க வழியில்லை. மருந்தளவு, கைவைத்தியம், வாந்தி எடுக்கவைக்கும் முறை எதுவும் இதில் வேண்டாம்.

மற்ற பருவங்களுக்கு: மழையில், தேங்கிய நீரில் கலந்த எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் அதற்கான தடுப்பூசியும். குளிரில், இனிப்பாக இருக்கும் ஆன்டிஃப்ரீஸ் (கார் எஞ்சின் நீர் உறையாமலிருக்க ஊற்றும் நச்சுத் திரவம்), சூடு தேடி எஞ்சினுக்குள் ஏறும் பூனை (வண்டியை எடுக்குமுன் பானெட்டைத் தட்டச் சொல்லுங்கள்). வெடிச் சத்தம் மிகுந்த நாட்களில், பயந்து ஓடிப்போனால் கண்டுபிடிக்க, மைக்ரோசிப்புக்கான (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவேட்டில் உள்ள போன் எண் சரியா என்பது. எழுதி முடித்ததும் மருத்துவர் ஒருமுறை படித்துச் சரிபார்க்கட்டும்.

பதிவு

வழக்கமான தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். ஸ்டுடியோவில் அழகாகக் கேட்கும் பின்னணி இசை போனில் கரகரப்பாகி, குரலையும் விழுங்கிவிடும். எனவே குரல் மட்டும் போதும். துணிமணி நிறைந்த அறையில் எதிரொலி குறையும். பல போன் அமைப்புகள் 8 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (சாம்ப்ளிங் ரேட்), மோனோவாக (ஒரே தடம்) பதிந்த வேவ் (WAV) ஒலிக்கோப்பை ஏற்கும். உங்களுடையது எதைக் கேட்கிறது என்று சேவை தருபவரிடம் விசாரியுங்கள். இசை வேண்டுமென்றால் உரிமம் பெற்றதையே பயன்படுத்துங்கள்.

மாற்றும் நாள்

ஏற்றும் அன்றே, எடுக்கும் தேதியையும் காலண்டரில் குறியுங்கள். மழை கொட்டும்போது கோடைச் செய்தி ஓடினால் அடுத்த எச்சரிக்கையை யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

பிறகு வெளியிலிருந்து உங்கள் மொபைலில் கூப்பிட்டு, ஹோல்டில் போடச் சொல்லி, சாலைச் சத்தத்துக்கு நடுவே நின்று கேளுங்கள். புரியாத சொல் ஒன்று இருந்தாலும் மறுபடி பதியுங்கள்.