கிணறு வெட்டிய கையோடு மலையை வெட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போகும் பெடியன்கள் சிலர் எனக்கு வேலைத்தளப் படங்கள் அனுப்புவார்கள். போன கிழமை வந்த படத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. வீட்டுத் தளத்துக்காகச் சரிவை வெட்டியிருக்கிறார்கள். பின்னால் 4 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தான பாறை. அதன் அடியில் இரண்டு பேர் குந்தியிருந்து அத்திவாரக் கிடங்கு தோண்டுகிறார்கள். "கல்லுத்தானே அண்ணை, நேராய் நிக்குது" என்று கீழே எழுதியிருந்தார். இளவயதில் நானும் இதையேதான் சொன்னேன்.

தலைக்கவசம், சப்பாத்து, ஏணி பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, சரிவை வெட்டும்போது நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பாறை என்றால் நேராக நிற்கும் என்று நம்புவது

இந்த நம்பிக்கை எங்கள் ஊரிலிருந்து வருவது. வலிகாமத்தில் பல இடங்களில் கொஞ்சம் செம்மண்ணை வழித்தாலே சுண்ணக்கல் வந்துவிடும். அதன் படைகள் பாய் அடுக்கி வைத்ததுபோல அநேகமாகக் கிடையாகவே இருக்கும். அதனால்தான் 20, 30 அடிக் கிணற்றைக்கூட நேராக இறக்க முடிகிறது. கீரிமலை என்று பெயர் இருந்தும் ஏறி இறங்க ஒரு மலை இல்லாத குடாநாடு இது. எங்களுக்குப் பழகியது கிணற்றுக் கணக்கு மட்டுந்தான்.

மலைநாட்டில் கூடுதலாக இருப்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய, வரிவரியான நைஸ் வகைப் பாறை. அந்த வரிகள் மடிந்து, சாய்ந்து கிடக்கும். சாய்வு மலைக்குள்ளே போனால் பாறை தன் பாரத்திலேயே குந்தியிருக்கும். குழியை நோக்கிச் சாய்ந்திருந்தால், நீங்கள் வெட்டுவது சாய்த்து வைத்த பலகையின் கால்மாட்டை.

பண்டாரவளைப் பக்கம் ஒரு வீட்டு வேலை. நான் புது ஓவசியர். பின்சுவரில் இரண்டு வரிகளுக்கு நடுவே விரல் தடிப்பில் காவி நிறக் களி ஓடியது. விரலை விட்டுப் பார்த்தேன், ஈரச் சவர்க்காரம்போல வழுக்கியது. காற்சட்டையில் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். ஓரங்களில் கொஞ்சம் பிடி இருந்திருக்க வேண்டும், மூன்று நாள் நின்றது. மூன்றாம் நாள் இரவு மழை பெய்தது. மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம், அம்மியை இழுப்பதுபோல ஒரு உரசல் கேட்டது. அப்புறம் நிலம் அதிர்ந்தது. விழுந்த பாளம் 5 மீற்றர் நீளம், 3 மீற்றர் உயரம், அரை மீற்றர் தடிப்பு. கனமீற்றருக்கு 2.6 தொன் என்று பார்த்தால் ஏறக்குறைய 20 தொன். கலவை மெசின் தகடாகிவிட்டது. அன்று காலை முழுவதும் அந்த இடத்தில் நான்கு பேர் நின்று வேலை செய்தார்கள். மேலே போன பாதையின் ஓரமும் சேர்ந்து இறங்கியதால், தாங்குசுவர் கட்டி முடிக்க வீட்டுக்காரருக்கு அத்திவாரச் செலவைவிடக் கூடப் போனது.

காய்ந்த, சொரசொரப்பான பாறை முகங்கள் ஏறக்குறைய 30 பாகை சாய்வு வரை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நடுவில் ஈரக்களி இருந்தால் 15 பாகையிலேயே வழுக்கலாம்.

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது, இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும் என்பதால்தான். வரியின் மேல்முகம் வெளியே தெரியும் இடத்தில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றுங்கள். அது ஓடும் பக்கந்தான் சாய்வு. கோணமானியில் நூலும் சின்னக் கல்லும் கட்டிப் பிடித்தால் எத்தனை பாகை என்பதும் தெரியும். மூன்று பக்கச் சுவரையும் தனித்தனியாகப் பாருங்கள். வரிகள் மேற்கே சாய்ந்தால் குழியின் கிழக்குச் சுவர் குழிக்குள் வழுக்கும், அதே கல்லில் மேற்குச் சுவர் நிற்கலாம். "எல்லாப் பக்கமும் ஒரே கல்லுத்தானே" என்று சொல்பவர் இதைப் பார்க்காதவர்.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதியில் உறுதியான பாறையை மட்டுந்தான் தாங்கு கொடுக்காமல் நேராக வெட்டலாம். கிடையாக 4 அடிக்கு 1 அடி இறக்கம், அதாவது 14 பாகை அளவுக்கோ அதற்கு மேலோ குழியை நோக்கிச் சாயும் அடுக்குகளை அந்த விதி மிக மோசமான மண்ணோடு சேர்க்கிறது. அதற்கு 1 அடி உயரத்துக்கு ஒன்றரை அடி பின்வாங்க வேண்டும், ஏறக்குறைய 34 பாகைச் சரிவு. ஆழம் 20 அடியைத் தாண்டினால் பொறியியலாளர்தான் வடிவமைக்க வேண்டும். களி ஓடும் வரி 34 பாகையைவிடத் தட்டையாக இருந்தால் இந்தச் சரிவும் போதாது, ஆழம் குறைவென்றாலும் அவரைக் கூப்பிடுங்கள். பின்வாங்கக் காணி இல்லையென்றால், அவர் சொல்லும் அகலத்தில் துண்டுகளாகப் பிரித்து ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டி, ஒரு துண்டுக்குச் சுவர் எழும்பிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

உருண்டைக் கல்லைப் பாறை என்று எடுப்பது

உக்கிய மண்ணுக்குள் வீட்டளவு உருண்டைகளும் கிடக்கும். அலவாங்கால் தட்டிப் பார்த்தால் போதாது, இரண்டு பக்கமும் தோண்டி அடி எங்கே என்று பாருங்கள். அடி மண்ணில் முடிந்தால் அது பாறை அல்ல, உருளக் காத்திருக்கும் கல்.

மேலே வாய்க்கால் வெட்டாதது

மழைத்தண்ணீர் வெட்டுக்குள் வராமல் திருப்ப, முதல் வெட்டு அதுவாக இருக்கட்டும். படங்கு போட்டு மூடினால் மட்டும் போதாது.

தோண்டிய மண்ணை விளிம்பில் குவிப்பது

குறைந்தது 2 அடி தள்ளி. டிப்பர் இன்னும் தூரத்தில்.

இடம் போதாமல் சரிவின் அடியைச் சீவுவது

வேண்டாம்.

"தற்காலிகம்" என்று சொல்லிவிட்டு விட்டுப்போவது

இரண்டு கிழமைக்கென்று வெட்டியது, காசு வராமல் ஐப்பசி மழை வரைக்கும் திறந்து கிடக்கும். எத்தனையோ காணிகளில் கண்டிருக்கிறேன். தாங்குசுவருக்கான கல்லும் சீமெந்தும் காணிக்கு வந்துசேர்ந்த பிறகு வெட்டுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டட அனுமதிக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்பார்கள். அதில் வெட்டின் உயரமும் சரிவும் எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை ஜேசிபி ஓட்டுபவரிடம் காட்டுங்கள். கோப்புக்குள் இருந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? வேலை நடக்கும் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு மழைக்குப் பிறகும், ஆட்கள் இறங்க முன் ஒருவர் மேலே ஏறி விளிம்புக்குப் பின்னால் நிலத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும்.

படம் அனுப்பிய தம்பியை உடனே அழைத்தேன். ஆட்களை வெளியே எடுத்துவிட்டு, பக்கவாட்டில் ஏறித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொன்னேன். கால் மணித்தியாலத்தில் பதில் வந்தது: "குழிப்பக்கந்தான் ஓடுது அண்ணை." இப்போது பொறியியலாளர் வந்து பார்த்து, மேலிருந்து கீழாகச் சரித்து எடுக்கிறார்கள்.