கவிவாணர் எழுத்துருவைத் தலைப்பில் நிறுத்துங்கள்

தாரிக் அஸீஸ் வடிவமைத்த கவிவாணர், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்துப் பாணி எழுத்துரு. கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். பிறந்தநாள் அட்டை, சிறுவர் நூல் அட்டை, காபிக்கடைப் பலகை எனச் சிரிப்பு தேவைப்படும் இடங்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஐந்தாறு சொற்களுக்கு மேல் போனால் கண் சலிக்கும். பத்திகளுக்கு வேறு நேரான எழுத்துருவைத் தேடுங்கள்.

அச்சில் 24 புள்ளிக்குக் கீழே இறக்காதீர்கள். இரண்டு வரித் தலைப்பென்றால் வரி உயரம் 1.4 மடங்காவது வேண்டும். இல்லாவிட்டால் மேல்வரி 'கூ'வின் வால் கீழ்வரி 'கீ'யின் சுழியில் இடிக்கும்.

இதில் ஒரே தடிமன்தான். மென்பொருளில் 'போல்ட்' அழுத்தினால் ஓரம் செயற்கையாகப் பருத்து, 'ணை', 'ஞ' ஆகியவற்றின் உள்ளே இருக்கும் இடைவெளி அடைபடும். 'இட்டாலிக்' அழுத்துவது அதைவிட மோசம்: ஏற்கெனவே சாய்ந்தது விழப்போவதுபோல் நிற்கும். அழுத்தம் வேண்டுமா? அளவைக் கூட்டுங்கள், நிறத்தை மாற்றுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் 'கொ' உடைந்து கொம்பு இடம் மாறினால் குற்றம் எழுத்துருவுடையதல்ல. பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போஸரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். அச்சகத்துக்கு அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றிவிடுங்கள். திருத்தக்கூடிய பிரதி ஒன்று தனியே இருக்கட்டும்; எழுத்துப்பிழை எப்போதும் அதன் பிறகுதான் கண்ணில் படும்.