கெட்ட கனவுகளைப் பற்றி நாம் செய்யும் தவறான கணக்குகள்

"எனக்கு மட்டும் எப்போதும் கெட்ட கனவாகவே வருகிறது" என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். இதில் உள்ள முதல் தவறு, நினைவில் நின்றதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவது. பதறி எழவைத்த கனவு மனதில் ஒட்டிக்கொள்கிறது. கடைக்குப் போனதும் யாருடனோ பேசிக்கொண்டிருந்ததும் பல் துலக்குவதற்குள் மறந்துபோகின்றன.

ஆய்வு எண்களைப் படிக்கும்போதும் நிதானம் வேண்டும். உளவியலாளர்கள் கால்வின் ஹாலும் ராபர்ட் வான் டி காசிலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் 1000 கனவுகளை வகைப்படுத்தி 1966-ல் நூலாக்கினார்கள். அவற்றில் பதிவான உணர்ச்சிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் பயம், கோபம், வருத்தம், குழப்பம். ஆனால் இது எழுதப்பட்டதை மற்றவர் படித்து எடுத்த கணக்கு. கனவு கண்டவரிடமே 'எப்படி உணர்ந்தீர்கள்?' என்று கேட்டால் மகிழ்ச்சியின் பங்கு நன்றாகவே கூடுகிறது. பயந்ததை மறக்காமல் எழுதுகிறோம். சும்மா இதமாக இருந்ததை யார் எழுதுகிறார்கள்?

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று அஞ்சுவது இன்னொரு தவறு. கண்கள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் விடியலை நெருங்க நெருங்க நீள்கிறது. அதிலிருந்து நேராக விழிப்பதால் அந்தக் கனவு தெளிவாக நினைவிருக்கிறது. அவ்வளவுதான்.

கனவில் அன்றாட வாழ்க்கை அப்படியே வரும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். நாள் முழுக்கப் படிப்பவர்களுக்கும் தட்டச்சு செய்பவர்களுக்கும்கூட அவை கனவில் அரிதாகவே வருகின்றன. வருபவை நம் மனிதர்களும் நம் கவலைகளும்தான். அதற்காக, வலிக்கும் கனவு வந்தாலே மனம் கெட்டுவருகிறது என்று அர்த்தமில்லை. மணமுறிவால் மனச்சோர்வுற்றவர்களைச் சிகாகோவில் உளவியலாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட் ஆராய்ந்தார். பிரிந்த துணையைக் கனவில் கண்டவர்களே ஓராண்டுக்குப் பின் அதிகம் தேறியிருந்தார்கள். கனவுதான் தேற்றியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரே கொடுங்கனவு திரும்பத் திரும்ப வந்து, தூங்கவே பயமாக இருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பதும் தவறு. மனநல மருத்துவரிடம் போங்கள். அந்தக் கனவின் முடிவை விழித்திருக்கும்போது மாற்றி எழுதி, தினமும் மனதில் ஓட்டிப் பார்க்கும் சிகிச்சை பலருக்குப் பலன் தருகிறது. சில இரத்த அழுத்த மாத்திரைகளாலும் கொடுங்கனவு வரலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.