கடலூருக்கு எக்ஸ்ட்ரா ட்ரெயின் கேட்டு மனு எழுதப் போறீங்களா, மொதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க

விழுப்புரம்–கடலூர்–மயிலாடுதுறை சிங்கிள் லைன், அதனால லைன்ல இடம் இருக்கான்னு பாத்துட்டு எழுதுங்க. ரெண்டு கிராசிங் ஸ்டேஷனுக்கு (எதிரெதிரா வர்ற வண்டிங்க ஒண்ணுக்கொண்ணு வழிவிடுற ஸ்டேஷன்) நடுவுல எந்தத் துண்டைக் கடக்கத்தான் ரொம்ப நேரம் ஆகுதோ, அந்த நிமிஷத்தை மெதுவா போற வண்டிய வெச்சுக் குறிச்சுக்கங்க, அதோட லைன் கிளியர், அதாவது வண்டிய அனுப்ப அடுத்த ஸ்டேஷன்கிட்ட அனுமதி வாங்குற நேரத்தையும் கூட்டி, ஒரு நாளோட 1440 நிமிஷத்தை அதால வகுத்து 0.7-ஆல பெருக்கணும், ஸ்காட் ஃபார்முலான்னு ரயில்வேயே யூஸ் பண்றதுதான். உதாரணத்துக்கு கடக்க 15 நிமிஷம், லைன் கிளியருக்கு 5 நிமிஷம்னா ஒரு நாளைக்கு சுமார் 50 வண்டி, ரெண்டு பக்கமும் கூட்ஸும் சேத்து. இப்ப ஓடுறதைக் கழிங்க. மிச்சம் வந்தாலும் அது நடுராத்திரில இருந்தா யாருக்கு வேணும்? காலைல ஆபீஸ் நேரத்துல இடம் இல்லன்னா மெமுல (கிட்டத்துல ஓடுற மின்சார பாசஞ்சர் வண்டி) கூடுதல் பெட்டி கேளுங்க, பிளாட்பாரம் நீளம் பத்துமான்னும் பாத்துக்கங்க, இல்லன்னா அந்த நீளமான துண்டுக்கு நடுவுல ஒரு கிராசிங் லூப் (ஒரு வண்டி ஒதுங்கி நிக்கிற பக்கத் தண்டவாளம்) கேளுங்க. டபுள் லைனும் கேக்கணும்தான், ஆனா அதுக்குப் பணமும் வருஷமும் நிறைய ஆகும். மனு திருச்சி கோட்ட மேலாளருக்குப் போகணும், புதுச்சேரிக்காரங்களும் அங்கதான் அனுப்பணும்.