வீட்டு மீடியா பிளேயரில் ஓடாத காணொளியை ஓட வைப்பது எப்படி?

பட்டர்வொர்த்தில் பெரியப்பா வீட்டுத் தொலைக்காட்சிக்குக் கீழே கையகல மீடியா பிளேயர் பெட்டி ஒன்று பத்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துக்கொண்டிருக்கிறது. சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனபோது, தைப்பூசக் காணொளிகள் இரண்டைப் பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்றேன். ஒன்று 2012ஆம் ஆண்டில் கேம்கோடரில் எடுத்தது. மற்றொன்று அண்மையில் கைப்பேசியில் எடுத்தது. முதல் காணொளியில் வெள்ளி இரதம் அழகாக நகர்ந்து வந்தது, ஆனால் நாதஸ்வரமும் இல்லை, மேளமும் இல்லை. "படம் ஓடுது, சத்தத்தைக் காணோமே ஐயா" என்றார் பெரியப்பா. இரண்டாவது காணொளி, இந்தக் கோப்பை ஆதரிக்கவில்லை என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டது.

இப்படி நேர்ந்தால், கைக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு மென்பொருளில் கோப்பைப் போட்டு முழுவதையும் மாற்றிவிடுவதுதான் பலருடைய வழக்கம். அது தேவையில்லாத வேலை மட்டுமன்று, படத்தின் தரத்தையும் குறைக்கும். எது ஒத்துவரவில்லை என்று முதலில் கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றுவதே சரியான முறை. பெரியப்பாவின் இரண்டு கோப்புகளையும் வைத்தே அதைப் படிப்படியாக விளக்குகிறேன்.

பாத்திரமும் பண்டமும்

எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்டிஎஸ் என்று கோப்புப் பெயரின் கடைசியில் வருவன எல்லாம் பாத்திரத்தின் பெயர்களே. பாத்திரத்துக்குள் படம் ஒரு பண்டமாகவும் ஒலி மற்றொரு பண்டமாகவும் இருக்கின்றன. படத்தையோ ஒலியையோ சுருக்கி வைக்கும் முறைக்கு கோடெக் என்று பெயர். இன்று பரவலாகப் புழங்கும் படக் கோடெக்குகளில் எச்.264 என்பது 2003இல் வந்தது, எச்.265 அல்லது எச்இவிசி எனப்படுவது 2013இல் வந்தது. ஏவி1 2018இல் வெளியானது. ஒலிக்கு ஏஏசி, ஏசி3, டிடிஎஸ், எம்பி3 ஆகியவை உள்ளன.

எனவே 'இந்தப் பெட்டியில் எம்பி4 ஓடும்' என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மைதான். அதே எம்பி4 பாத்திரத்துக்குள் எச்.264 இருந்தால் பழைய பெட்டி ஓட்டிவிடும், எச்.265 இருந்தால் திணறும் அல்லது மறுத்துவிடும். குழம்பை ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு ஊற்றினால் சுவை மாறாது, மறுபடியும் கொதிக்கவைத்தால் மாறும். கோடெக்கை மாற்றுவது மறுபடியும் கொதிக்கவைப்பது போன்றது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் போகும், நேரமும் பிடிக்கும். பாத்திரத்தை மட்டும் மாற்றுவது சில நிமிடங்களில் முடிந்துவிடும், தரமும் அப்படியே இருக்கும்.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, காணொளிக் கோப்பை இழுத்து அதன் மேல் விடுங்கள். வரும் விவரங்களில் நான்கு வரிகள் போதும்: படத்தின் கோடெக், படத்தின் அளவு, நொடிக்கு எத்தனை சட்டகங்கள் (ஃபிரேம்கள்), ஒலியின் கோடெக். கேம்கோடர் கோப்பில் எச்.264 படமும் ஏசி3 ஒலியும் இருந்தன. கைப்பேசிக் கோப்பிலோ எச்.265, அதுவும் 3840க்கு 2160 புள்ளி அளவுள்ள 4கே படம். சட்டக வேகம் 'வேரியபிள்', அதாவது நிலையில்லாதது என்று காட்டியது.

அடுத்து, பெட்டியோடு வந்த கையேட்டில் அது ஏற்கும் கோடெக்குகளின் பட்டியலைப் பாருங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் எச்.264 படம், 1920க்கு 1080 புள்ளிகள், ஏஏசி ஒலி, எம்பி4 பாத்திரம் என்ற சேர்க்கையை வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த பழைய பெட்டிகள் எல்லாமே இதை ஏற்றன.

இரண்டாம் படி: ஒலி மட்டும் சிக்கல் என்றால்

கேம்கோடர் கோப்பில் படம் ஏற்கெனவே ஓடுகிறது, ஒலிதான் வரவில்லை. ஆகவே படத்தைத் தொடவே கூடாது. இதற்கு அவிடெமக்ஸ் என்ற இலவச மென்பொருள் ஏற்றது. கோப்பைத் திறந்ததும் இடப்பக்கத்தில் மூன்று பெட்டிகள் தெரியும். 'வீடியோ அவுட்புட்' என்பதில் 'காப்பி' என்றே விட்டுவிடுங்கள். 'ஆடியோ அவுட்புட்' என்பதில் ஏஏசியைத் தேர்ந்தெடுங்கள். 'அவுட்புட் ஃபார்மட்' என்பதில் எம்பி4 மக்ஸரைத் தேர்ந்தெடுத்து, புதிய பெயரில் சேமியுங்கள். அவ்வளவுதான். பழைய மடிக்கணினியில்கூட, தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

கேம்கோடர்கள் நீண்ட பதிவைத் துண்டு துண்டாக வெட்டிச் சேமிப்பது வழக்கம். அப்படி இருந்தால் முதல் துண்டைத் திறந்தபின், கோப்புப் பட்டியில் உள்ள 'அப்பெண்ட்' கட்டளையைக் கொண்டு மற்றவற்றை வரிசையாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு சேமிக்கலாம்.

மூன்றாம் படி: படத்தையே மாற்ற வேண்டியிருந்தால்

கைப்பேசிக் கோப்புக்கு வேறு வழியில்லை, கொதிக்கவைத்தே ஆக வேண்டும். இதற்கு நான் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். விஎல்சியிலும் மாற்றும் வசதி உண்டு; ஆனால் அதன் அமைப்புகள் புதியவர்களைக் குழப்புபவை என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. எந்த மென்பொருளையும் அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள், தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள். 2017 மே மாதத்தில் ஹேண்ட்பிரேக்கின் சொந்தப் பதிவிறக்க வழங்கிகளில் ஒன்றிலேயே மேக் கணினிகளுக்கான தீநிரலை யாரோ புகுத்திவிட்டார்கள் என்றால், ஊர் பேர் தெரியாத தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஹேண்ட்பிரேக்கில் 'ஓப்பன் சோர்ஸ்' பொத்தானை அழுத்திக் கோப்பைத் திறந்து, முன்னமைவுகளில் (பிரீசெட்) 'ஃபாஸ்ட் 1080பி30' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 4கே படத்தை அது தானாகவே 1080 அளவுக்குச் சுருக்கிவிடும். பாத்திரம் எம்பி4 என்று இருப்பதை உறுதிசெய்துகொண்டு 'வீடியோ' பக்கத்துக்குப் போங்கள்.

அங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. கோடெக் எச்.264 ஆக இருக்க வேண்டும். பெயரில் 10-பிட் என்று வருவதை எடுக்காதீர்கள், பழைய பெட்டிகள் அதை ஓட்டமாட்டா. சட்டக வேகத்தைக் 'கான்ஸ்டன்ட்' என்று மாற்றுங்கள். கைப்பேசியின் நிலையில்லாத சட்டக வேகத்தை அப்படியே விட்டால், சில பெட்டிகளில் போகப் போக உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று ஆகிவிடும். லெவல் என்பதில் 4.1 தேர்ந்தெடுங்கள், புளூ-ரே வட்டுகளுக்கான உச்சவரம்பும் அதுவே என்பதால், முழு எச்டி என்று சொல்லி விற்ற பெட்டிகள் பொதுவாக அதுவரை தாங்கும்.

தரத்தைத் தீர்மானிப்பது ஆர்எஃப் என்ற சறுக்குக் குமிழ். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெரிதாகும். 1080 அளவுப் படத்துக்கு 20 முதல் 24 வரை வைக்கலாம் என்பதே ஹேண்ட்பிரேக்காரர்களின் பரிந்துரை. உட்கார்ந்து பேசுகிறவர்களைக் காட்டும் காணொளிக்கு 23 தாராளம். எனக்கு வாய்த்ததோ இரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் காட்சி. பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாலை முழுவதும் குவித்து வைத்து உடைப்பார்கள். ஓட்டுச் சில்லும் தண்ணீரும் எல்லாத் திசைகளிலும் தெறிக்கும். ஒவ்வொரு சட்டகத்திலும் ஒவ்வொரு சில்லும் இடம் மாறுவதால், சுருக்கும் மென்பொருளுக்கு இதைவிடக் கடினமான சோதனை அரிது. 23இல் வைத்தபோது தண்ணீர்த் துளிகள் சதுரம் சதுரமாகக் கலங்கிப்போயின. 20க்கு இறக்கியதும் தெளிந்தன.

இதை அறிய முழுக் காணொளியையும் மாற்றிப் பார்க்க வேண்டியதில்லை. மேலே 'ரேஞ்ச்' என்ற இடத்தில் 'செகண்ட்ஸ்' என்று மாற்றி, அசைவு மிகுந்த ஒரு நிமிடத்தை மட்டும் குறித்து, 'ஸ்டார்ட் என்கோட்' அழுத்துங்கள். அந்த ஒரு நிமிடத்தைப் பென்டிரைவில் போட்டு, கணினியில் அன்று, பெட்டியிலேயே ஓட்டிப் பாருங்கள். படமும் ஒலியும் சரியாக வந்தபிறகு முழுக் கோப்பையும் போடலாம். நிறைய கோப்புகள் இருந்தால் 'ஆட் டு கியூ' மூலம் வரிசையில் சேர்த்துவிட்டு, இரவு படுக்கப் போகும்போது தொடங்கிவிடுவது வசதி.

கேம்கோடர் கோப்பை ஏதோ காரணத்தால் ஹேண்ட்பிரேக்கில் மாற்ற நேர்ந்தால், 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் 'டீஇன்டர்லேஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். அந்தக் காலக் கேம்கோடர்கள் பல, ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாற்றி மாற்றிப் பதிவுசெய்தன. அதைச் சரிசெய்யாமல் மாற்றினால், அசையும் காவடியின் மயிலிறகு ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

நான்காம் படி: பென்டிரைவில் ஏற்றுவது

பென்டிரைவில் நிறைய இடம் இருந்தும், கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி விண்டோஸ் படியெடுக்க மறுக்கிறதா? அந்தப் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கும். அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. கோப்பின் அளவைக் காகிதத்திலேயே கணக்கிடலாம்: நொடிக்கு 17 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 17ஐ 3600ஆல் பெருக்கி 8ஆல் வகுக்க, 7650 எம்பி. நொடிக்கு 6 மெகாபிட்டாக இருந்தால் 2700 எம்பிதான். பெட்டி எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையை ஏற்குமானால் பென்டிரைவை அப்படி ஃபார்மட் செய்துவிடலாம். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்பதால், முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் காணொளியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதான்.

சில பெட்டிகள் கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் கட்டம் கட்டமாகக் காட்டும், சில கோப்பையே காட்டாது. பெரியப்பாவின் பெட்டி இரண்டாம் வகை. ஆகவே கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துகளில் சுருக்கமாகப் பெயர் வைத்தேன்.

மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பெட்டிக்காகச் செய்தது நகல் மட்டுமே. நாளை பெரியப்பா புதுத் தொலைக்காட்சி வாங்கினால், அந்த 4கே மூலத்தை அப்படியே அதில் ஓட்டலாம்.