டிரையத்லான் குளப் பயிற்சி: நீச்சலுடை விஷயத்தில் ஆண்கள் செய்யும் தவறுகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானுக்குப் புதிதாக வருபவர்களிடம் சீசனுக்கு சீசன் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப நடக்கின்றன. பாக்கெட் வைத்த தொளதொள ஷார்ட்ஸில் நீந்த முடியாது என்பது முதல் நாளே புரிந்துவிடும். அதை விட்டுவிட்டு, காசையும் பயிற்சியையும் சேர்த்துக் கெடுப்பவற்றை மட்டும் பார்ப்போம்.

குளத்தில் டிரை சூட்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கோவா 70.3 பந்தயத்துக்கு (மூன்றும் சேர்த்து 70.3 மைல் போகும் அரை அயர்ன்மேன்) பெயர் கொடுத்த கையோடு பல ஆயிரம் ரூபாய் போட்டு டிரை சூட் வாங்குவார்கள். மூன்று கட்டத்துக்கும் மாற்றாமல் போடும் ஒரே உடை அது. "போட்டுப் பழகணும்ல" என்று வாரம் மூன்று நாள் அதே உடையில் குளத்தில் இறங்குவார்கள். பந்தயம் வரும்போது அது பந்தயத்துக்கு லாயக்கில்லாமல் போயிருக்கும்.

காரணம் துணியில் இருக்கிறது. டிரை சூட் உடம்போடு ஒட்டி நிற்பது எலாஸ்டேன் இழையால். லைக்ரா, ஸ்பான்டெக்ஸ் என்று சொல்வதும் அதைத்தான். அது பாலியூரிதேன் வகையைச் சேர்ந்தது. குளத்துக் குளோரின் அந்த இழையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். முதலில் தொடை விளிம்பு தளரும், பிறகு பின்பக்கத் துணி மெலியும், கடைசியில் தையலோரம் வெள்ளை ரப்பர் நூல் முடிமுடியாக வெளியே நீட்டும். பின்பக்கத் துணியை இரண்டு கையாலும் இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே விட்ட விரல் பளிச்சென்று தெரிந்தால் அதை இனி அணியாதீர்கள். போட்டிருப்பவர் கண்ணுக்கு இது படாது, அதே லேனில் பின்னால் வருபவர் கண்ணுக்குப் படும்.

தளர்ந்த சூட்டின் தொல்லை நீச்சலோடு முடியாது. 1.9 கி.மீ. நீச்சலைக் கடந்துவிட்டாலும், 90 கி.மீ. சைக்கிளில் துணி மடிந்து உள்தொடையை உரசும், உட்காரும் இடத்தில் தைத்திருக்கும் மெத்தை பேடும் இடம் மாறி உட்காரும். 21.1 கி.மீ. ஓட்டத்தில் அந்த உரசல் புண்ணாகிவிடும்.

குளத்துக்கென்று தனி உடை வாங்குங்கள். லேபிளில் பாலியஸ்டரும் பிபிடியும் மட்டும் இருக்க வேண்டும். பிபிடியும் பாலியஸ்டர் வகைதான்; தானாகவே இழுபடும், குளோரினையும் தாங்கும். ஸ்பீடோவின் என்டியூரன்ஸ் பிளஸ் துணியில் இவை ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கையில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அதனாலேயே பலர் அதை வைத்துவிட்டு, வழவழவென்று இருக்கும் நைலான்-எலாஸ்டேன் உடையை எடுத்துக்கொண்டு போகிறார்கள். 'குளோரின் தாங்கும்' என்று அட்டையில் போட்டிருந்தாலும் துணி விவரத்தைப் படியுங்கள். எலாஸ்டேனிலும் கூடுதல் நாள் உழைக்கும் ரகம் உண்டு, ஆனால் பிபிடி அளவுக்கு வராது. பிரீஃபா, முட்டிக்கு மேல் நிற்கும் ஜாமரா என்பது உங்கள் வசதி. இரண்டு வாங்கி மாற்றி மாற்றி அணியுங்கள்.

டிரை சூட்டைப் பந்தயத்துக்கு முன் இரண்டு மூன்று முறை சோதித்தால் போதும். 1,500 மீட்டருக்குக் குறையாமல் நீந்தி, ஈரத்தோடு சைக்கிள் ஏறுங்கள். அக்குள், கழுத்து, உள்தொடை எங்கே உரசுகிறது என்று அப்போது தெரிந்துவிடும். கடலில் சோதிப்பது நல்லது. குளம்தான் கிடைக்கும் என்றால், வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

பேன்ட் அளவில் வாங்குவது

பேன்ட்டில் 34 என்றிருப்பது பெரும்பாலும் உங்கள் உண்மையான இடுப்பு அளவல்ல. டேப் வைத்து அளந்து, அந்தந்த நிறுவனத்தின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நனைந்தால் துணி தளரும், அதனால் கடையில் சௌகரியமாக இருப்பது தண்ணீரில் பெரிதாகிவிடும். இடுப்புப் பட்டிக்குள் இரண்டு விரல் சிரமப்பட்டு நுழைய வேண்டும். உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் மடிப்பு விழக் கூடாது, தொடை விளிம்பு சுருண்டு ஏறக் கூடாது. சுவரை உதைத்துக் கிளம்பும்போது இடுப்பு வழியாகத் தண்ணீர் புகுந்தால் ஒரு சைஸ் குறையுங்கள். ஏறிச் சுருண்டால் ஒரு சைஸ் கூட்டுங்கள். நாடாவை இழுத்துக் கட்டிச் சமாளிப்பது தீர்வாகாது. பட்டி பிடிக்கும், துணி அப்போதும் தண்ணீரை அள்ளும்.

உள்ளே ஜட்டி

வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், தொடை இடுக்கை அறுக்கும்.

நியோபிரீன் ஷார்ட்ஸை நம்புவது

நியோபிரீன் என்பது நுரை ரப்பர். அது மிதக்கும், கால் தானாக மேலே வரும், நேரமும் குறையும். கால் மூழ்குபவர்களுக்கு இது பெரிய சுகம். ஆனால் வெதுவெதுப்பான கடலில் நடக்கும் கோவா மாதிரிப் பந்தயங்களில் வெட்சூட் (நியோபிரீனில் செய்த முழு உடை) கிடையாது, அந்தத் தாங்கலும் கிடைக்காது. வாரத்தில் ஒரு பயிற்சிச் செட்டுக்கு மேல் போடாதீர்கள். முக்கியமான செட்டெல்லாம் சாதாரண உடையில்தான்.

டிராக் ஷார்ட்ஸ்

வேண்டுமென்றே தண்ணீரை இழுத்து நீச்சலைக் கடினமாக்கும் ஷார்ட்ஸ் (drag shorts) இது. ஸ்ட்ரோக் சரியாகும்வரை தொடவே வேண்டாம்.

ஈரத்தோடு பையில் திணிப்பது

காலை நீச்சல் முடிந்து நேரே அலுவலகம் போகிறவர்கள் உடையை பிளாஸ்டிக் கவரில் சுருட்டி வைத்துவிட்டு, இரவுதான் எடுக்கிறார்கள். துணியில் ஊறிய குளோரின் அதுவரை தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். குளத்தில் இறங்கும் முன் ஷவரில் உடையை நன்றாக நனையுங்கள். நல்ல தண்ணீர் ஏறிய துணி குளத்துத் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. ஏறியதும் அதே ஷவரில் ஒரு நிமிடம் அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள், நிழலில் போட்டுக் காயவையுங்கள். வாஷிங் மெஷின், வெந்நீர், பிளீச் மூன்றும் கூடாது.