நாத்திகர், நம்பிக்கையாளர், தெரியாது என்பவர்: நாம் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

'நட்ட கல்லைத் தெய்வமென்று நாலு புட்பம் சாத்தியே, சுற்றி வந்து மொணமொணென்று சொல்லும் மந்திரம் ஏதடா' என்று சிவவாக்கியர் பாடினார். கடவுள் மறுப்புக்குச் சான்றாக இந்த இரண்டு அடிகளை மட்டும் எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. மூன்றாம் அடியையும் படித்தால் வாதம் கைநழுவிவிடும்: 'நட்ட கல்லும் பேசுமோ நாதன் உள்ளிருக்கையில்'. கல்லைச் சுற்றுவதை இடித்துரைத்த சித்தர், நாதன் உள்ளே இருக்கிறான் என்று அதே மூச்சில் சொல்கிறார். சடங்கைத்தான் அவர் தள்ளினார், கடவுளைத் தள்ளவில்லை.

மதத்தைக் கண்டிப்பவரெல்லாம் நாத்திகர் என்று முடிவுகட்டுவதுதான் நாம் அதிகம் செய்யும் தவறு. 'கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக' என்று பாடிய வள்ளலார் அருட்பெருஞ்ஜோதியில் கரைந்தவர். அமெரிக்க விடுதலைக்காக எழுதிய தாமஸ் பெயின் 1794இல் கிறித்தவத் திருச்சபைகளைத் தாக்கி எழுதிய நூலின் தொடக்கத்திலேயே, ஒரே கடவுளை நம்புகிறேன் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அப்படியும் பழி விலகவில்லை. நூறாண்டு நெருங்கும் வேளையில் பின்னாளில் அமெரிக்க அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் அவரை 'அழுக்குப் பிடித்த நாத்திகர்' என்று எழுதினார்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் அடியில் இரண்டு கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. கடவுள் இருக்கிறாரா என்பது குறித்து உங்களுக்கு என்ன தெரியும் என்பது ஒரு கேள்வி. எதை ஏற்று வாழ்கிறீர்கள் என்பது இன்னொரு கேள்வி. நாத்திகமும் ஆத்திகமும் இரண்டாவது கேள்விக்கான விடைகள். 'கடவுள் உண்டா என்பது தெரியாது, அறிய வழியில்லை' என்னும் அறியொணாவாதம் (அக்னாஸ்டிசிசம்) முதல் கேள்விக்கான விடை. ஆகவே ஒருவர் 'தெரியாது' என்றும் சொல்லலாம், கூடவே நம்பவும் செய்யலாம், நம்பாமலும் இருக்கலாம். ஒரு முனையில் பக்தர், மறுமுனையில் நாத்திகர், நடுவில் தடுமாறுபவர் என்று மூவரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் கணக்கு தப்பும்.

அந்த 'நடுவில் தடுமாறுபவர்' என்ற பட்டம்தான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. அறியொணாவாதி என்றால் மதில்மேல் பூனை, துணிச்சல் இல்லாத நாத்திகர் என்று இரு தரப்பாரும் ஏளனம் செய்கிறார்கள். அந்தப் பெயரை 1869இல் தனக்கென உருவாக்கிக்கொண்ட ஆங்கிலேய உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியின் வாழ்க்கையைப் பார்த்தால் அந்த ஏளனம் நிற்காது.

1860 செப்டம்பரில் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல் நான்கு வயது நிரம்பும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனான். பாதிரியாரும் நாவலாசிரியருமான நண்பர் சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் கூறிக் கடிதம் எழுதினார். மறுமை உண்டு, மகனை மீண்டும் காணலாம் என்ற நம்பிக்கையைப் பற்றிக்கொள்ள இதைவிட ஏக்கமான நேரம் ஒரு தந்தைக்கு வாய்க்காது. ஹக்ஸ்லி பதில் எழுதினார்: ஆன்மா அழியாதது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை, நம்புவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை, இல்லையென்று நிறுவுவதற்கும் வழியில்லை. மகனின் சவப்பெட்டிக்குப் பின்னால் நின்றபோது நடந்ததையும் அதே கடிதத்தில் சொல்கிறார். இறந்தோர் எழுவதில்லை என்றால் உண்போம், குடிப்போம், நாளை சாகப்போகிறோம் என்ற பொருளில் விவிலியத்தில் வரும் பவுலின் வரியைக் குருவானவர் வாசித்தார். அது ஹக்ஸ்லியைச் சுட்டது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டதால் மனிதத்தன்மையை உதறிவிட்டு மிருகம்போல் கிடக்க வேண்டுமா என்று கேட்டார். குரங்குகளுக்குக்கூட அதைவிடத் தெரியும் என்றார்.

இந்த ஒரு கடிதம் இரண்டு தவறுகளைத் திருத்துகிறது. தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மறுப்பதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும் என்பது ஒன்று. மறுமையை நம்பாதவருக்கு ஒழுக்கம் இருக்காது என்ற பேச்சு எவ்வளவு புண்படுத்தக்கூடியது என்பது மற்றொன்று.

நம்பிக்கையாளர்களைப் பற்றியும் நாம் தவறாகத்தான் பேசுகிறோம். நம்புகிறவர் யோசிக்காதவர், ஐயம் எழுந்தால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருள், என்றெல்லாம். போலி அறிவியலையும் அற்புத மோசடிகளையும் பல பத்தாண்டுகள் தோலுரித்த அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் கடவுளை நம்பியவர். நாத்திகர்களின் வாதங்கள் தன்னுடையவற்றைவிட வலுவானவை என்று ஒப்புக்கொண்டே நம்பினார். அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, இறைவனின் அருகாமையை உணர முடியாத இருளில் அவர் கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் இருந்தது வெளிச்சத்துக்கு வந்தது. ஜெபத்தையும் தொண்டையும் அவர் விடவில்லை. அவரை நம்பிக்கை இழந்தவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சமயம் என்றாலே கடவுள் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. மணிமேகலைக் காப்பியம் இதை அழகாகக் காட்டுகிறது. வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். கடைசியில் வருபவன் பூதவாதி, அதாவது எல்லாம் பருப்பொருளே என்பவன். ஆத்திப்பூவையும் கருப்புக்கட்டியையும் பிறவற்றையும் கூட்டினால் கள்ளின் வெறி பிறப்பதுபோல, நிலம், நீர் முதலிய பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்கிறான். கண்ணால் காண்பதே மெய், கருத்தளவை (அனுமானம்) வேண்டாம் என்கிறான். அப்படியானால் உன் தாய் தந்தையரை அனுமானம் இல்லாமல் எப்படி அறிவாய் என்று அவள் மடக்குகிறாள். இங்கே கவனிக்க வேண்டியது, மடக்குகிறவளும் பௌத்தத்தைத் தழுவப்போகிறவள் என்பதுதான். பௌத்தத்திலும் உலகைப் படைத்த கடவுளுக்கு இடமில்லை. ஆனாலும் வினை, மறுபிறப்பு, அறம், துறவு எல்லாம் அவளுக்கு உண்டு. பூதவாதிக்கு அவற்றுள் வினையும் மறுபிறப்பும் கிடையாது. சமணமும் இப்படித்தான். வேதத்தை ஏற்கும் தரிசனங்களுள் ஒன்றான பழைய சாங்கியம்கூடப் படைத்தவன் ஒருவன் தேவை என்று சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் நாத்திகம் என்றதும் பெரியார் நினைவுக்கு வருவது இயல்பு. அங்கிருந்து வேறு தவறுகள் முளைக்கின்றன. 'கடவுள் இல்லை, கடவுள் இல்லை, கடவுள் இல்லவே இல்லை' என்பது உறுதியான மறுப்பு. நம்புவதற்குக் காரணம் காணவில்லை, அதனால் நம்பவில்லை என்று மட்டும் சொல்லும் நாத்திகர்களும் இருக்கிறார்கள். 'இல்லை என்று நிரூபி' என்று இவர்களிடம் கேட்பது பொருந்தாது, ஏனென்றால் இவர்கள் அப்படி ஒன்றை அறிவிக்கவே இல்லை. நாத்திகப் பிரசாரம் பெரியாரோடுதான் தொடங்கியது என்பதும் சரியல்ல. சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' இதழைத் தொடங்கிய 1882இல் பெரியார் மூன்று வயதுக் குழந்தை. திராவிடக் கட்சிக்காரர் என்றால் நாத்திகர் என்ற முடிவும் அவசரமானது. 1949இல் தனிக்கட்சி கண்ட அண்ணா முழங்கியது 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்ற திருமூலர் வாக்கை.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 28.7 லட்சம் பேர் 'மதம் குறிப்பிடப்படவில்லை' என்ற பிரிவில் வந்தார்கள். இதை இந்திய நாத்திகர்களின் எண்ணிக்கையாக எடுத்து எழுதுகிறார்கள். மதத்தைச் சொல்லாதவரும் நம்பாதவரும் ஒரே ஆட்கள் அல்லர். வீட்டுத் தலைவர் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லும்போது, நம்பாத மகள் இந்துவாகவோ கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ பதிவாகிவிடுகிறாள். மதத்தை அறிவிக்கும்படி அரசு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, மதம் இல்லை என்று சொல்லவும் உரிமை உண்டு என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்த கணக்கெடுப்புக்கு வருபவர் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது, வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.